நெஞ்சுக்கு நேர்மை

மக்கள் பலருக்குக் கடவுள் நம்பிக்கை தாய்மொழியைப் போல இளமையிலேயே வந்து சேர்கின்றது. அந்நம்பிக்கையைச் சிலர் விடலைப் பருவத்திலேயே இழக்கின்றனர். சிலர் நடுவயதில் பெருந்துன்பம் உற்று இழக்கின்றனர். இழந்ததை வேறொரு வடிவிற் பெறுவோரும் உளர். இம்மாற்றம் எவ்வயதில் நேரினும் எளிதன்று. உற்றார் வருந்துவர், ஊரார் பழிப்பர். உள்ளத்தில் இல்லாததை உதட்டால் கூறி நலமாக வாழ்வதா, உள்ளதை உரைத்து இடர்ப்படுவதா என்னும் கேள்வி அப்பொழுது எழும். அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் சார்லஸ் பிராட்லா என்னும் ஆங்கிலேயர்.

பிராட்லா 1833ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. ஆதலின் 11ஆம் வயதிலேயே பிராட்லாவின் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. முதலில் தந்தையாரின் அலுவலகத்தில் ஏவற்பணி செய்தார். பின்னர் நிலக்கரி வணிகர் ஒருவரிடம் எழுத்தரானார்.

அந்நாளில் அவர் சமயப் பற்று மிக்க இளைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்க்கு வேதபாடம் கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அப்பகுதிக்கு லண்டன் பேராயர் வருகை தர இருந்தார். அவர் முன்னிலையில் நிகழும் திடப்படுத்தல் சடங்கிற்குப் பிராட்லாவை ஆயத்தம் செய்துகொள்ளுமாறு பாதிரியார் பணித்தார். பிராட்லா அப்பணியை ஆர்வத்தோடு மேற்கொண்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளையும் நற்செய்தி நூல்கள் நான்கினையும் ஒப்புநோக்கிப் படித்தார். சில இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை கண்டு திகைத்தார். ஐயம் தீர்த்தருளுமாறு பாதிரியாருக்குப் பணிவுடன் மடல் எழுதினார்.

ஐயத்திற்கு விடை வரவில்லை, தண்டனையே வந்தது. மகன் நாத்திகம் பேசுகின்றான் என்று பாதிரியார் பெற்றோருக்கு எழுதினார். கற்பிக்கும் பொறுப்பிலிருந்தும் மூன்று திங்கள் அவரை விலக்கிவைத்தார். உண்மையில் பிராட்லா அப்பொழுது நாத்திகர் அல்லர். விளக்கம் வேண்டி நின்ற மாணவரே. ஓய்வாகக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திறந்த வெளியில் நிகழும் சமய வாதங்களைக் கேட்கச் சென்றார். முதலில் சமயத்தின் பக்கம் நின்று வாதிட்டார். நாளடைவில் நூல்களும் வாதங்களும் அவரை மறுபக்கம் கொண்டு சேர்த்தன. மூன்று நாளுக்குள் கருத்தை மாற்றிக்கொள்ளாவிடில் வேலை பறிபோகும் என்னும் எச்சரிக்கை வந்தது. அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வேலையையும் வீட்டையும் துறந்து வெளியேறினார். அப்பொழுது அவருக்கு 17 வயது நிறைந்திருக்கவில்லை.

வறுமையும் கடனும் அவரை வாட்டின. 1850ஆம் ஆண்டு இறுதியில் படையிற் சேர்ந்து அயர்லாந்தில் பணியாற்றினார். 1853இல் படையினின்றும் விடுபட்டு, லண்டனில் வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார். பகலில் சட்ட வேலை, மாலையில் சொற்பொழிவு என நாள்கள் கழிந்தன. உரத்த குரலும் கூரிய வாதமும் அவர்க்கு வாய்த்த படைக்கலங்கள். 1866ஆம் ஆண்டில் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

1874இல் அச்சங்கத்திற் சேர்ந்தவர் அன்னி பெசண்ட் அம்மையார். அவர் ஒரு பாதிரியாரின் மனைவி. தம் சிறுமகள் கடும் நோயுற்றுத் துடித்ததைக் கண்டபொழுது, அன்பே உருவான இறைவன் இதனை எங்ஙனம் பொறுத்தான் என்னும் ஐயம் அவர் உள்ளத்தைப் பிளந்தது. பிராட்லாவுக்கு 15 வயதில் நூலறிவால் தோன்றிய ஐயம், அம்மையாருக்கு 20 வயதைக் கடந்தபின் தாய்மையின் துயரால் தோன்றியது. நம்பாத வழிபாட்டில் கலந்துகொள்ள மறுத்து, அவரும் கணவர் வீட்டை இழந்தார். இருவரும் பல்லாண்டுகள் இணைந்து உழைத்தனர். ஆயின் 1889இல் அம்மையார் பிரம்மஞானக் கொள்கையைத் தழுவினார். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து இந்தியருக்கு உழைத்தார். தோழியாரின் மாற்றம் பிராட்லாவை வருத்தியது. எனினும் நட்பு முறியவில்லை.

பிராட்லாவின் வாழ்வில் மிகப் பெரிய சோதனை 1880இல் வந்தது. நார்த்தாம்ப்டன் தொகுதி மக்கள் அவரைக் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுத்தனர். உறுப்பினராவோர் கடவுள்மீது ஆணையிட்டு உறுதி கூறல் வேண்டும். பிராட்லா அதற்கு மாறாகக் கடவுள் பெயரின்றி உறுதிமொழி கூற இசைவு வேண்டினார். இசைவு கிடைக்கவில்லை. சட்டம் வேண்டுவது அதுவாயின் ஆணை கூறவும் தாம் ஒருப்படுவதாகவும், அதன் கருத்து தம்மைக் கட்டுப்படுத்தும் என்றும் அவர் பின்னர் அறிவித்தார். இம்முடிவை நண்பருள்ளும் சிலர் குறை கூறினர். நம்பாதவர் வாயில் ஆணைக்குப் பொருளில்லை என்று சபையோ அதனையும் தடுத்தது. தம் நம்பிக்கையின்மையை மறைத்திருப்பின் அவர் எவ்வகைத் தடையுமின்றி உள்ளே அமர்ந்திருக்கலாம்! வெளிப்படையாகப் பேசியதே அவர் செய்த குற்றம்.

சபையினின்றும் வெளியேற மறுத்தமைக்காக 1880 ஜூன் 23ஆம் நாள் பாராளுமன்ற மணிக்கூண்டில் அவர் சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சபைக்குள் நுழைய முயன்றபொழுது காவலர் அவரை இழுத்து வெளியேற்றினர், உடை கிழிந்தது, உடல் நொந்தது. அவரோ தம் ஆதரவாளரை வன்முறையில் இறங்க விடவில்லை. 1881, 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற இடைத்தேர்தல்களில் நார்த்தாம்ப்டன் மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கடவுளை நம்பியோரே. சமயப் பற்று மிக்க தலைமையமைச்சர் கிளாட்ஸ்டனும் உறுதிமொழிச் சட்டத்திற்காக 1883இல் வாதிட்டார். மூன்று வாக்குகளில் அம்மசோதா தோற்றது.

1885 பொதுத்தேர்தலிலும் பிராட்லா வென்றார். 1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் எவருடைய தடையையும் கேளாது அவரை ஆணை எடுக்க விடுத்தார். ஆறாண்டுப் போராட்டம் முடிவுற்றது. தாம் அமர்ந்ததோடு அவர் அமைதி கொள்ளவில்லை. தமக்குப் பின் வருவோர் இத்துன்பம் படலாகாது எனக் கருதி, விரும்புவோர் ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூறலாம் என்னும் சட்டத்தை 1888இல் நிறைவேறச் செய்தார்.

இந்தியரின் குறைகளையும் அவர் சபையில் இடையறாது எடுத்துரைத்தார். கடும் நோயினின்றும் எழுந்த நிலையில், 1889 டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரசு மகாசபைக்கு வந்து கலந்துகொண்டார். 1880களில் சென்னையில் வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ என்னும் இதழ் வாயிலாகத் தமிழரும் அவர் கருத்துகளை அறிந்திருந்தனர்.

1891 ஜனவரி 27ஆம் நாள், பிராட்லாவைத் தடுத்து 1880இல் இயற்றிய தீர்மானத்தைக் காமன்ஸ் சபை தன் ஏட்டிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அறியும் நிலையில் அவர் இல்லை. ஜனவரி 30ஆம் நாள் உயிர் நீத்தார். புரூக்வுட் இடுகாட்டில் எவ்வகைச் சடங்குமின்றி அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அங்குத் திரண்டோருள் லண்டனில் சட்டம் பயின்ற 21 வயது இந்திய மாணவர் ஒருவரும் இருந்தார். அவரே காந்தியடிகள். இறைவனைத் தம் உயிர்மூச்சாகக் கொண்ட அடிகள், இறைமறுப்பாளர் ஒருவருக்கு இறுதி வணக்கம் செலுத்தச் சென்றார்.

கடவுள் உண்டு என்பார்க்கும் இல்லை என்பார்க்கும் பொதுவான அறம் ஒன்று உண்டு. அது நெஞ்சு அறிந்ததற்கு மாறாக நாவைத் திருப்பாமை. பிறர் அவ்வாறு நேர்மையாகப் பேசும்பொழுது அவர்தம் உரிமையைக் காத்தலும் அவ்வறத்தின் பாற்பட்டதே. பிராட்லா முன்னதைச் செய்தார்; நார்த்தாம்ப்டன் மக்கள் பின்னதைச் செய்தனர். இரண்டும் போற்றத்தக்கனவே.