தேயிலை தந்த டெயிலர் துரை

இவ்விழா மலரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் வரலாற்றுக்கு இடமேன் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். நிவித்திகலையைச் சூழ்ந்த மேடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதற்கு விடை கூறுதல் அரிதன்று. இறப்பர் மரங்களின் நிழலைத் தாண்டினால் தேயிலை, தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கிராமத்தவரின் சிறு காணி, அங்கும் தேயிலையே. நம் பாட்டன் பாட்டிமாரின் வியர்வை அச்செடியின் அடியிற்றான் விழுந்தது. நம்மிற் பலருடைய பாடப்புத்தகமும் சட்டையும் அதன் கொழுந்திலிருந்தே வந்தன. அப்பயிரை இந்நாட்டில் முதன்முதல் வருவாய் தரும் பயிராக்கிக் காட்டியவர் ஜேம்ஸ் டெயிலர்.

அவர் 1835ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆந் திகதி ஸ்கொத்துலாந்தில் ஓர் எளிய குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் வண்டிச் சில்லுச் செய்யும் தச்சர். தாயாரை ஒன்பதாம் வயதில் இழந்தார். பதினாறு வயதில், ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளத்துக்கு மூன்றாண்டு வேலை செய்வதாகக் கையொப்பமிட்டு, 1852இன் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டம் அவருடைய வாழிடமாயிற்று. மூன்றாண்டுக்கென வந்தவர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அம்மலையிலேயே கழித்தார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினாரல்லர், மணமுஞ் செய்துகொண்டாரல்லர்.

அது கோப்பியின் காலம். இலண்டனிலிருந்து வந்த பணமெல்லாம் கோப்பிக் கன்றாக மலைகளில் ஊன்றப்பட்டது. காடு அழிந்தது; தெரு பிறந்தது; 1867இல் கண்டிக்கு இரயிலும் வந்தது. ஒரே பயிரில் இத்தனை முதலையும் இட்டவர்களுக்கு வேறு பயிரைப்பற்றி எண்ண ஓய்விருக்கவில்லை; தேவையும் இருப்பதாக அவர்கள் கருதவில்லை.

டெயிலரோ எதையும் சிறிது நட்டுப் பார்க்கும் இயல்புடையவர். காய்ச்சலுக்கு மருந்தாகும் பட்டையைத் தரும் சிங்கோனா மரத்தை முதலில் நட்டு வெற்றி கண்டார். பின்னர்ப் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து தேயிலை விதை பெற்றார். தேயிலை இந்நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. அசாம் விதை 1839இலேயே பேராதனைக்கு வந்துவிட்டது. 1841ஐ ஒட்டிப் புசல்லாவையில் வோம்ஸ் சகோதரர் சீனத் தேயிலையை நட்டனர்; செலவு கட்டாமற் கைவிட்டனர். ஆகவே செடி வளருமா என்பது கேள்வியாக இருக்கவில்லை. வளர்ந்ததைக் கொண்டு தேயிலைத் தூள் செய்து, விற்று, இட்ட முதலைத் திருப்பி எடுக்கலாமா என்பதே கேள்வி.

இவ்விடத்திற் சிறிது நின்று நோக்கவேண்டும். கோப்பிக்காரர் ஆண்டுக்கொருமுறை பழம் பறித்து, தோல் நீக்கி, காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. தேயிலை அப்படிப்பட்டதன்று. நட்டபின் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கொழுந்து எடுக்கத் தொடங்கிய பிறகு வாரந்தோறும் எடுக்க வேண்டும். எடுத்த கொழுந்தைக் காலந் தாழ்த்தாது வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காய்ச்ச வேண்டும். எனவே பயிர் மாறினாற் கட்டடம், பொறி, ஆட்கள், அன்றாட ஒழுங்கு யாவும் மாற வேண்டும். இலாபம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இத்தனைக்கும் துணியாதது வியப்பன்று. அவர்களைப் பழிப்பதற்கும் நாம் விரும்பவில்லை.

1867இல் டெயிலர் பத்தொன்பது ஏக்கர் நிலத்தைத் துப்புரவாக்கி அசாம் இனத் தேயிலையை நட்டார். தோட்டத்தார் வழக்கில் அது 7ஆம் நம்பர் மலை. அசாமிலே தேயிலைத் தொழில் பழகிய ஒருவரிடம் கவ்வாத்து வெட்டவும் கொழுந்தெடுக்கவும் கேட்டறிந்தார். தம் பங்களாவின் விறாந்தையே முதற் தொழிற்சாலை. மேசைமேற் கொழுந்தைப் பரப்பித் தொழிலாளர் கையால் உருட்டினர். களிமண் அடுப்பிற் கரிநெருப்பின்மேற் கம்பித் தட்டுகளில் வைத்துக் காயச் செய்தனர். 1872இல் தனிக் கட்டடமும், அவரே அமைத்த உருட்டும் பொறியும் வந்தன. அடுத்த ஆண்டு இலண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1874இல், தம் வாழ்நாளில் எடுத்த ஒரேயொரு விடுமுறையில், டார்ஜிலிங்குக்குச் சென்றார். எதற்கு? அங்கே தேயிலை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு!

இதற்கிடையில், 1869இல், மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடி தோன்றிற்று. இலைத்துரு நோய் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மலைநாடெங்கும் பரவி இலையை உதிர்த்தது. விலை ஏறியிருந்தமையாற் சில காலம் நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. புதுக் காடும் கோப்பிக்காக வெட்டப்பட்டது. 1880களிற் தோட்டங்கள் வீழ்ந்தன. அவற்றிற்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. சிங்கோனாவிற் புகலடைந்தவர்கள் எல்லாரும் ஒருங்கே நட்டுச் சந்தையை நிரப்பியதால் அதன் விலையும் சரிந்தது. அப்பொழுதுதான் லூல்கந்துரப் பக்கம் எல்லாருடைய பார்வையும் திரும்பிற்று. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் நின்ற தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1890இல் லிப்டன் வந்து தோட்டங்கள் வாங்கினார். இலங்கைத் தேயிலையின் பெயரோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நட்டவர் பெயர் ஒரு மலைக்குள்ளேயே தங்கியது.

பயிர் மாறியதால் நம்மவர் வாழ்வும் மாறிற்று. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்து வந்தவர்கள், பழம் பறித்து முடிந்தபின் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியால் மடிந்தோர் கணக்கிலடங்கார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்களின் கை மிகுதியும் வேண்டும். ஆகவே குடும்பமாக வந்து லயங்களிற் குடியமர்ந்தனர். இம்மண்ணிலே பிறந்து இம்மண்ணிலே புதையுண்டனர். அவர்களை நிலையாகக் குடியிருத்தியது தேயிலையே. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது; எஞ்சியிருந்தோருக்கு உரிமை கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலையுச்சியில் தொடங்கிய தேயிலை நம் சபரகமுவையின் தாழ்நிலங்களுக்கும் இறங்கியது. இங்கே அதனை ஏற்றுக்கொண்டோர் கம்பனிகள் மட்டுமல்லர். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த தாய்ச்செடிகளின் வெட்டுத்துண்டுகளிலிருந்து வளர்த்த கன்று, நம்மவர் வாயில் வீ.பி. தேயிலை, விதைத் தேயிலையைவிட மிகுதியாகக் கொழுந்து தந்தது. மீள்நடுகைக்கு உதவிப் பணமும், கொழுந்தை வாங்கும் தொழிற்சாலையும் அண்மையிற் கிடைத்தபோது, அரை ஏக்கர் உடைய கிராமத்தவரும் துணிந்து நட்டனர். சிறுதோட்டங்களின் வளர்ச்சிக்கென 1975இற் சட்டமும் வந்தது. இன்று இலங்கைத் தேயிலையிற் பெரும்பங்கு சிறுதோட்டக்காரரின் நிலத்திலிருந்தே வருகிறது. டெயிலர் பத்தொன்பது ஏக்கரிற் கற்றதை அவர்கள் அரை ஏக்கரிற் செய்கின்றனர். அச்செடியின் குணம் முழுவதையும் கையால் அறிந்த தோட்டத் தொழிலாளிக்கு மாத்திரம், நட்டுக்கொள்ள நிலம் இருக்கவில்லை.

டெயிலருடைய நிலையும் இதிற் பெரிதும் வேறுபடவில்லை. அவர் சம்பளக்காரர், லூல்கந்துரம் பிறருடைய உடைமை. தோட்டத்துரைமார் சங்கம் அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் பரிசளித்துப் பாராட்டியது. ஆனால் தோட்டம் கைமாறி, புதிய உரிமையாளர் 1892இல் அவரை விடுப்பிற் போகச் சொல்லி, பின் வேலையிலிருந்தும் விலகச் சொல்லினர். அவர் மலையைவிட்டு இறங்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் 2ஆந் திகதி, வயிற்று நோய் கண்டு, ஐம்பத்தேழாம் வயதில், தம் பங்களாவிலேயே உயிர் நீத்தார். பருத்த உடல், கண்டியோ நெடுந்தொலைவு. தொழிலாளர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து சென்றனர். சாமித் துரை என்று அழைத்து வந்தவரின் பெட்டிக்குப் பின்னாற் கங்காணிமாரும் மற்றவர்களும் நடந்தனர். மஹய்யாவ மயானத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். 7ஆம் நம்பர் மலையில் அவர் நட்ட தேயிலை இன்னும் நிற்கிறது.