ஜோசப் ஸ்மித்தும் பொன்னேடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

உலகச் சமயங்கள் பலவற்றின் தொடக்கம் காலத்தின் மூடுபனிக்குள் மறைந்து கிடக்கிறது. எந்த நாளில், எந்த ஊரில், யார் முன்னிலையில் அவற்றின் மறைநூல்கள் எழுந்தன என்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆனால் அச்சுப்பொறியும் செய்தித்தாளும் நீதிமன்றமும் வந்துவிட்ட காலத்தில், ஊரார் பார்த்திருக்கவே ஒரு மறைநூல் பிறந்தது. அதை உலகுக்குத் தந்தவர் அமெரிக்க நாட்டின் ஏழை உழவர் ஒருவரின் மகன். நூலின் பெயர் மார்மன் நூல். தந்தவர் ஜோசப் ஸ்மித்.

அந்நூல் மெய்யா, புனைவா என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளை நெருங்குகிறது. இவ்வழக்கில் ஒரு விந்தை உண்டு. நம்புவோரும் மறுப்போரும் வேறு எதிலும் ஒன்றுபடவில்லை. ஆயினும் அவர் படிக்காதவர் என்பதை மட்டும் இரு தரப்பாரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டினர். எழுத்து நுழையாத வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி. ஆகவே அவர் வாழ்க்கையைச் சற்றே விரிவாகக் காண்போம்.

வறுமையில் வளர்ந்த இளமை

ஜோசப் ஸ்மித் 1805-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வெர்மாண்ட் மாநிலத்தின் ஷாரன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜோசப் ஸ்மித்தே. தாயார் லூசி மாக். சொந்த நிலத்தை இழந்து, குத்தகை நிலத்தை நம்பி ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பம் அது. சிறுவனுக்கு ஏழு வயது நடக்கையில் டைஃபாய்டு காய்ச்சல் கண்டு, காலெலும்பில் சீழ் பிடித்தது. காலையே வெட்டி எடுப்பதுதான் அக்கால வழக்கம். ஆனால் நேதன் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கெட்ட எலும்பை மட்டும் அகற்றிக் காலைக் காப்பாற்றினார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம்! அந்த வேதனையை விழித்தபடியே தாங்கிய சிறுவன், பின்னாளில் சற்றே நொண்டி நடந்தான்.

1815-இல் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானில் பரவி வெயிலை மறைத்ததால், 1816-இல் அமெரிக்காவின் வடகிழக்கில் கோடைகாலத்திலேயே உறைபனி விழுந்தது. பயிர்கள் கருகின. பஞ்சம் துரத்த, ஸ்மித் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தது. எங்கோ வெடித்த எரிமலை ஒரு புதுச் சமயம் பிறக்கவிருந்த ஊருக்கு அக்குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டது எனலாம்.

அவ்வட்டாரத்தில் அப்போது கிறித்தவத் திருச்சபைகள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் சேர்த்தன. எது மெய்யான சபை என்ற கேள்வி இளைஞர் ஸ்மித்தை வாட்டியது. 1820-இல், 14-ஆம் வயதில், தோப்பில் தனித்து வேண்டுகையில் தமக்கு இறைக்காட்சி கிட்டியதாகப் பின்னாளில் அவர் எழுதினார். 1832-இல் எழுதிய குறிப்பு ஆண்டவர் தோன்றியதாகக் கூறுகிறது. 1838-இல் எழுதியதோ தந்தை, மகன் என இருவர் தோன்றியதாகக் கூறுகிறது. நினைவு விரிந்தது என்பர் நம்புவோர். கதை வளர்ந்தது என்பர் மறுப்போர்.

இளமையில் அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. ஒரு கல்லைத் தொப்பிக்குள் இட்டு, அதில் முகம் புதைத்து, மண்ணுக்குள் புதைந்த புதையல் இருக்குமிடத்தைச் சொல்வார். இதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அவர், 1826-இல் நீதிபதி முன் விசாரணைக்கும் நின்றார்.

பொன்னேடு

மோரோனி என்னும் வானதூதர் 1823 செப்டம்பரில் தோன்றி, அருகிலுள்ள குன்றில் பொன்னேடுகள் புதைந்திருப்பதாக அறிவித்தார் என்றும், 1827 செப்டம்பர் 22-இல் அவற்றைத் தாம் பெற்றதாகவும் ஸ்மித் கூறினார். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் எம்மா ஹேல் என்னும் பெண்ணை மணந்திருந்தார். ஏடுகளில் பொறித்திருந்தது திருத்தப்பட்ட எகிப்திய எழுத்து என்றும், இறையருளால் அதைத் தாம் மொழிபெயர்ப்பதாகவும் சொன்னார்.

மார்ட்டின் ஹாரிஸ் என்ற வசதியான உழவர் 1828-இல் அவ்வெழுத்துகளின் படியொன்றை எடுத்துக்கொண்டு, நியூயார்க் நகரில் சார்லஸ் ஆந்தன் என்ற பேராசிரியரைக் கண்டார். பேராசிரியர் எழுத்துகளை மெய்யென ஒப்பியதாக ஹாரிஸ் சொன்னார். மோசடி என எச்சரித்து அனுப்பியதாகப் பேராசிரியர் சொன்னார். அறையில் இருந்தவர் இருவர். வெளிவந்த கதைகளும் இரண்டு!

திரும்பி வந்த ஹாரிஸ் எழுத்தராக அமர்ந்து எழுதிய 116 பக்கங்களைத் தம் மனைவியிடம் காட்ட வேண்டிப் பெற்றுச் சென்றார். அவை காணாமற்போயின. அப்பகுதியை ஸ்மித் மீண்டும் மொழிபெயர்க்கவில்லை. எதிரிகள் அதைத் திருத்தி வைத்துக்கொண்டு தம்மை வீழ்த்தக் காத்திருப்பதாகக் காரணம் கூறினார். மீண்டும் அதே சொற்களைச் சொல்ல இயலாமையே காரணம் என்பது மறுப்போர் கருத்து.

1829 ஏப்ரலில் ஆலிவர் கவுடரி என்னும் பள்ளி ஆசிரியர் எழுத்தராக வந்து சேர்ந்தார். ஸ்மித் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஏறத்தாழ மூன்றே மாதங்களில் பெருநூல் முடிந்தது. ஹாரிஸ் தம் நிலத்தை 3,000 டாலருக்கு ஈடு வைத்தார். பால்மைராவில் கிராண்டின் என்பாரின் அச்சகத்தில் 5,000 படிகள் அச்சாகி, 1830 மார்ச்சில் நூல் விற்பனைக்கு வந்தது. ஏப்ரல் 6-இல் புதிய சபையும் தோன்றியது.

நூல் கூறும் கதை இது: கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து லேகி என்பவரின் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சேர்கிறது. வழித்தோன்றல்கள் இரு இனங்களாகப் பிரிந்து போரிடுகின்றனர். உயிர்த்தெழுந்த கிறித்து அவர்களுக்குக் காட்சி தருகிறார். இறுதிப் போரில் ஓரினம் அழிகிறது. அதன் வரலாற்றைத் தொகுத்த மார்மன் என்பவரின் மகன் மோரோனி ஏடுகளை மண்ணில் புதைக்கிறார்.

ஏடுகளைக் கண்டதாகக் கவுடரி, ஹாரிஸ், டேவிட் விட்மர் ஆகிய மூவரும், அவர்களையன்றி வேறு எண்மரும் பெயரிட்டுச் சான்றளித்தனர். மூவரும் பின்னர் ஸ்மித்துடன் மாறுபட்டுச் சபையை விட்டு நீங்கினர். ஆயினும் தம் சாட்சியத்தை அவர்கள் மறுத்துரைக்கவில்லை. இது நம்புவோரின் வலுவான சான்று. மூவரும் கண்டது ஊனக் கண்ணால் அன்று, தியானத்தில் எழுந்த காட்சியே என்பது மறுப்போரின் விடை. ஏடுகளோ, வானதூதரிடமே திரும்பிச் சென்றன என்றார் ஸ்மித். ஆகவே அவற்றைச் சோதிக்கும் வழி அடைபட்டது.

அலைக்கழிப்பும் மரணமும்

நியூயார்க்கிலிருந்து ஒஹையோ, அங்கிருந்து மிசௌரி என அடியார்களுடன் அவர் இடம்பெயர்ந்தார். மிசௌரியில் மோதல் முற்றி, 1838 அக்டோபரில் ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும், அல்லது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆணை முறைப்படி திரும்பப் பெறப்பட்டது 1976-இல்தான்! சிறையிலிருந்து தப்பிய ஸ்மித், இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்னும் நகரை எழுப்பினார். அதன் மேயரானார், 1844-இல் நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் வேட்பாளரானார்.

அவ்வாண்டு ஜூன் மாதம், அவரோடு முரண்பட்டு வெளியேறியோர் ஒரு செய்தித்தாள் தொடங்கி, அவர் மறைவாகக் கைக்கொண்ட பலதார மணத்தை அம்பலப்படுத்தினர். வெளிவந்தது ஒரே இதழ். ஸ்மித்தின் தலைமையில் நகர மன்றம் ஆணையிட, அந்த அச்சகம் அழிக்கப்பட்டது. அச்சகத்தால் எழுச்சி பெற்றவர் அச்சகத்தை அழித்தது அவர் வாழ்வின் பெருங்கறை. வழக்கிற்காகக் கார்த்தேஜ் சிறையில் இருந்தபோது, ஜூன் 27-இல் ஆயுதமேந்திய கும்பல் புகுந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அப்போது ஸ்மித்துக்கு வயது 38.

படிக்காதவர் என்ற வாதம்

இனி, தொடக்கத்தில் குறித்த விந்தைக்கு வருவோம். எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு இவற்றுக்கு மேல் ஸ்மித் கற்றவர் அல்லர். கணவர் அக்காலத்தில் ஒரு கடிதத்தையேனும் ஒழுங்காகச் சொல்லி எழுதவைக்க வல்லவர் அல்லர் என்று எம்மா தம் இறுதி நாட்களில், 1879-இல், மகனிடம் உரைத்தார். அத்தகையவர் இத்தகைய நூலை ஆக்குவது எங்ஙனம்? இறைவனே தந்திருக்க வேண்டும் என்பது நம்புவோர் முடிவு.

எதிரிகள் பலர் எடுத்த முடிவைப் பாருங்கள். படிக்காதவன் எழுதியிருக்க முடியாது. ஆகவே படித்தவர் ஒருவரிடம் திருடியிருக்க வேண்டும்! சாலமன் ஸ்பால்டிங் என்ற முன்னாள் சமயப் போதகர் எழுதி வைத்துச் சென்ற புனைகதையே மார்மன் நூலாயிற்று என்று 1834-இல் ஒரு நூல் முழங்கியது. அரை நூற்றாண்டு அதையே பலரும் நம்பினர். 1884-இல் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப்படி ஹவாய்த் தீவின் ஹொனலூலுவில் கிடைத்தது. அதற்கும் மார்மன் நூலுக்கும் நெருங்கிய ஒப்புமை இல்லை. வாதம் சரிந்தது.

ஒரு தரப்பு அவரைத் தெய்வத்தின் கருவியாக்கியது. மறு தரப்பு திருடனாக்கியது. உழவர் மகனுக்குள்ளும் ஒரு பெருங்கதை ஊறும் என்று நினைக்க இரு தரப்பாருக்கும் மனம் வரவில்லை. பொன்னேடு கைக்கு வருமுன்பே, அமெரிக்கப் பழங்குடிகளின் உடை, ஊர்தி, போர்முறை ஆகியவற்றை மாலை வேளைகளில் மகன் நேரில் கண்டவன்போல் விவரித்ததாகத் தாயார் லூசியே எழுதியுள்ளார். 1945-இல் ஃபான் பிராடி என்ற வரலாற்றாசிரியர், ஸ்மித்தின் கற்பனை வளமே நூலின் ஊற்று என வாதிட்டு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தொடங்கிய கதையை மூன்று இரவுகள் இழை அறாமல் சொல்வார். அவரைக் கண்டு வளர்ந்த எனக்குப் படிப்பின்மை என்னும் சான்று எத்தரப்புக்கும் உதவாது என்றே படுகிறது.

சோதிக்கத்தக்க சான்றுகள்

அப்படியாயின் எதை வைத்து எடை போடுவது? சோதிக்கத்தக்கவற்றை வைத்துத்தான். மார்மன் நூல் பழைய அமெரிக்காவில் குதிரை, கோதுமை, எஃகு இருந்ததாகக் கூறுகிறது. அமெரிக்கக் காட்டுக் குதிரைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின என்றும், ஸ்பானியரே மீண்டும் கொணர்ந்தனர் என்றும் விலங்கியல் கூறும். அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணுக்கள் அவர்தம் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் எனக் காட்டுகின்றன. அவர்களின் முதன்மை மூதாதையர் லேகியின் வழியினரே என 1981-இல் சேர்த்த முன்னுரையைச் சபையே 2006-இல், மூதாதையருள் ஒரு சாரார் எனத் திருத்தியது.

நம்புவோரும் வாளாவிருக்கவில்லை. நூலில் வரும் நாகோம் என்ற இடப்பெயரை ஒத்த பழங்குடிப் பெயர் ஏமன் நாட்டுப் பழம் பலிபீடங்களில் கிடைத்ததையும், எபிரேயக் கவிதைக்குரிய தலைகீழ் அடுக்கணி நூலில் பயில்வதையும் எடுத்துக்காட்டுகின்றனர். குதிரை என்பது வேறொரு விலங்கைக் குறிக்கலாம் என்கின்றனர்.

பொன்னேடு சோதனைக்குக் கிட்டாவிடினும், ஸ்மித்தின் மொழிபெயர்ப்புத் திறனைச் சோதிக்க வேறொரு வாய்ப்பு அமைந்தது. 1835-இல் எகிப்தியப் பிணப்பேழைகளுடன் வந்த பாப்பிரசுச் சுருள்களை வாங்கி, அவை ஆபிரகாமின் எழுத்து எனக் கூறி, 1842-இல் ஆபிரகாம் நூல் என வெளியிட்டார். அந்நாளில் அமெரிக்காவில் எகிப்திய எழுத்தைப் படிக்க வல்லார் இலர். சுருள்கள் 1871-ஆம் ஆண்டுச் சிகாகோ தீயில் எரிந்துபோயின என்றே கருதப்பட்டது. ஆனால் சில துண்டுகள் நியூயார்க் பெருநகர் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 1967-இல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. அறிஞர் படித்தனர். அவை இறந்தோருடன் வைக்கும் ஈமச் சடங்கு நூல்கள். ஆபிரகாம் பெயரே இல்லை. துண்டுகளின் எழுத்தும் மொழிபெயர்ப்பும் பொருந்தவில்லை என்பதைச் சபையும் 2014-இல் ஏற்றது. மூலப்பகுதி தொலைந்திருக்கலாம், அல்லது சுருள் ஒரு தூண்டுகோல் மட்டுமே, சொற்கள் இறைவெளிப்பாடு என்பது அதன் விளக்கம்.

கடினமான கேள்விகளைக் கேட்டவர் எதிரிகள் மட்டும் அல்லர். சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான பி. எச். ராபர்ட்ஸ், 1921-இல் வாசகர் ஒருவர் அனுப்பிய குதிரை, எஃகு பற்றிய ஐயங்களுக்கு விடை தேடப் புகுந்தார். தேடத் தேட ஐயம் பெருகியது. அதை மறைக்காமல் சக தலைவர்கள்முன் வைத்தார். 1933-இல் இறக்கும்வரை நம்பிக்கையும் துறக்கவில்லை. அவருடைய ஆய்வு 1985-இல்தான் அச்சேறியது.

முடிவுரை

என் அறிவுக்கு எட்டியவரை, மார்மன் நூல் பழைய அமெரிக்காவின் வரலாறு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் உழவர் மகனின் உள்ளத்தில் எழுந்த நூல். ஆயின் அந்நூலைக் கைக்கொண்டு ஒழுகுவோர் இன்று ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கின்றனர் எனச் சபை கணக்குரைக்கிறது. அவர்களின் ஒழுக்கத்தையும் உறுதியையும் குதிரை எலும்பைக் கொண்டு அளத்தல் இயலாது. அது வேறு கேள்வி. அதற்கு வேறு விடை.

1844 ஜூன் மாதத்தில் கேள்வியை அடக்க ஸ்மித் அச்சகத்தை அழித்தார். ஸ்மித்தை அடக்கக் கும்பல் துப்பாக்கி எடுத்தது. இரண்டும் எதையும் தீர்க்கவில்லை. பாப்பிரசுத் துண்டுகள் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் காத்துக் கிடந்தன. பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர் வந்ததும் பேசின. படிக்காதவர் என்று ஒருவரை உயர்த்தவும் வேண்டா, தாழ்த்தவும் வேண்டா. அவர் சொன்னதை எடுத்துச் சோதிப்போம். நண்பர்களே, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் கால் வைத்திருக்கும் நாமும் உலகிடம் எதிர்பார்ப்பது அந்த ஒரு நீதியைத்தானே!