திண்டுக்கல் பாறையும் ஹைதர் அலியும்

பாலக்காட்டுக் கிராமங்களைப் பூர்வீகமாகக் கொண்ட நமது அங்கத்தினர் குடும்பங்களில் ஹைதர் அலி என்பது நல்ல பெயர் அல்ல. என் பாட்டி அந்தக் காலத்தைப் படையோட்டம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவாள். வந்தது யார், எந்த வருஷம், எதற்காக என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீட்டை விட்டு ஓடினார்கள், பாத்திரங்களைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடினார்கள் என்பது மட்டும் தெரியும். வெகு காலம் கழித்து உத்தியோக நிமித்தமாக மூன்று வருஷம் திண்டுக்கல்லில் இருந்தேன். பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டியவர் தம் உயர்வைத் தொடங்கியது என் ஆபீஸ் ஜன்னலில் தெரிந்த அந்தப் பாறையிலிருந்துதான் என்று அப்போதுதான் அறிந்தேன். அதன் பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் தேறியதை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தப் பாறை. திண்டு போலிருக்கும் கல் என்பதால் திண்டுக்கல். சுற்றியுள்ள தரையிலிருந்து சுமார் 280 அடி உயரம். ஏறக்குறைய ஒரே கருங்கல். மூன்று பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் மட்டுமே ஏறத் தோதான சரிவு. சுரங்கம் வைத்துத் தகர்க்க அதில் மண் கிடையாது. மதுரை நாயக்கர்கள் 1605ஐ ஒட்டி இதில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தினார். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, மறு பக்கம் பழனி மலைத்தொடர். மைசூரிலிருந்து மதுரைக்கு வருகிறவனும், மதுரையிலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவனும் இதன் பார்வையிலிருந்து தப்ப முடியாது. 1740களில் இது மைசூர்க்காரர்களின் கைக்குப் போயிற்று. அன்றிலிருந்து சுமார் ஐம்பது வருஷம் மைசூர் ராஜ்யத்தின் தெற்கு எல்லை இந்தப் பாறைதான்.

ஹைதர் அலி பிறந்தது கோலார் ஜில்லாவில் பூதிகோட்டை என்ற ஊரில், 1720ஐ ஒட்டி. தகப்பனார் படைத் தலைவர். பையன் சிறுவனாக இருக்கும்போதே யுத்தத்தில் இறந்துவிட்டார். அவர் வைத்த கடனுக்காக ஹைதரையும் அண்ணன் ஷாபாஸையும் பிடித்துப் பெரிய நகாராவுக்குள் அடைத்துத் தோலை இழுத்துக் கட்டி அடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியானாலும், பையனுக்குப் படிப்பு வாய்க்கவில்லை. கடைசிவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்காகத் தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு, அதையும் தலைகீழாகப் போடுவார் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஞாபகசக்தி அபாரம். ஒரே சமயத்தில் பலர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உத்தரவு போடுவாராம்.

1749ல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிச்சலால் மைசூர் மந்திரி நஞ்சராஜாவின் கண்ணில் பட்டார். பிறகு மைசூர்ப் படை திருச்சிராப்பள்ளியைச் சுற்றி வருஷக்கணக்கில் முகாம் போட்டது. அந்த வியாபாரத்தில் மைசூருக்கு நஷ்டத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஹைதருக்கு மட்டும் லாபம். பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் சிப்பாய்களை எப்படி வரிசையில் நிறுத்துகிறார்கள், பீரங்கியை எப்படி இழுக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்துக்கொண்டார்.

1755ல் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக அனுப்பப்பட்டார். பழனி, விருப்பாட்சி முதலான பாளையக்காரர்கள் கப்பம் பாக்கி வைத்திருந்தார்கள். ஹைதர் பாக்கியை வசூலித்தார். கூடவே மாடுகளையும் ஓட்டி வந்து, அவற்றைச் சொந்தக்காரர்களிடமே விற்றார். கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்ள காண்டே ராவ் என்ற பிராமணர் கூட இருந்தார். இவர்கள் இருவரும் செய்த ஒரு காரியத்தை வில்க்ஸ் என்ற இங்கிலீஷ் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். சண்டையில் காயமடைந்தவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தாராம். நிஜமாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரி முன்னால் நின்றவர்களோ சுமார் 700 பேர், எல்லோரும் மஞ்சளில் தோய்த்த துணியைக் கட்டிக்கொண்டு! பட்டுவாடா ஆயிற்று. சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் பில்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காயங்களை எண்ணாமல் கட்டுகளை எண்ணிய அந்த அதிகாரியைத்தான் பார்க்க ஆசை.

ஆனால் அப்படிச் சேர்த்த பணத்தை அவர் வீண் செய்யவில்லை. திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரியிலிருந்து தேர்ந்த தொழிலாளிகளை வரவழைத்து, பிரெஞ்சு மேஸ்திரிகளை மேலே வைத்து, திண்டுக்கல்லில் ஆயுதசாலை அமைத்தார். துப்பாக்கி, பீரங்கி, மருந்து மூன்றுக்கும் அங்கே வேலை நடந்தது. பிற்காலத்தில் மைசூர்ப் படை பெயர் வாங்கிய தொழில் நுணுக்கத்துக்கு விதை போட்டது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். அவர்களது ராக்கெட்டின் விசேஷமும் நுணுக்கம்தான். மூங்கிலோ காகிதமோ இல்லாமல் இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். வாயு வேகமாக வெளிப்படும். ராக்கெட் வெகு தூரம் போகும். நான் காலேஜில் படித்த பௌதிகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் தேவை. ஆனால் அதைப் பட்டறையில் செய்து காட்டினார்களே, அது பெரிய விஷயம்.

இந்தப் பாறைக்கும் பாலக்காட்டுக்கும் என்ன சம்பந்தம்? தேசப் படத்தைப் பார்த்தால் விளங்கும். திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போனால் தெற்கில் சுவர் போல மலை. பழனி மலை முடிந்தால் ஆனைமலை. அதற்குப் பின்னால் இன்றைய இடுக்கி ஜில்லாவின் சிகரங்கள். ஆனைமுடி மட்டும் 2,695 மீட்டர். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏறும் ஒற்றையடிப் பாதைகளில் பொதிமாடு போகும், பீரங்கி போகாது. இந்தச் சுவரில் உள்ள ஒரே பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலம், வண்டி ஏறக் கஷ்டமில்லாத தரை. திண்டுக்கல்லை வைத்திருப்பவன் பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக மலையடிவாரத்தை ஒட்டியே நடந்து அந்த வாசலை அடையலாம். இன்றைய திண்டுக்கல் – பாலக்காடு ரயில் பாதையும் ஏறக்குறைய அதே வழிதான்.

வாசலைத் திறந்துவிட்டது நம்மவர்கள்தான் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1757ல் கோழிக்கோட்டு ஸாமூதிரி பாலக்காட்டின் மேல் படையெடுத்தபோது, பாலக்காட்டு அச்சன் திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பி ஹைதரின் உதவியைக் கேட்டார். ஹைதர் தம் மைத்துனர் மக்தூம் அலியை அனுப்பினார். மைசூர்ப் படை கடற்கரை வரை போயிற்று. பன்னிரண்டு லட்சம் ரூபாய் தருவதாக ஸாமூதிரி ஒப்புக்கொண்டார், தரவில்லை. அந்தப் பாக்கியை ஹைதர் ஒன்பது வருஷம் மறக்கவில்லை.

அதே 1757ல் மதுரையையும் பிடிக்க ஹைதர் இறங்கினார். நத்தம் கணவாய் அருகே யூசுப் கான், அதாவது நாம் மருதநாயகம் என்று அறிந்தவர், அவரை முறியடித்துத் திருப்பி அனுப்பினார். மலையின் மேல் இருந்தால் பலம், கணவாய்க்குள் மாட்டிக்கொண்டால் ஆபத்து என்ற பாடம் அங்கே கிடைத்திருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து தலைநகரத்துக்குத் திரும்பிய ஹைதர், சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்த படையைச் சமாதானப்படுத்தி, படிப்படியாக அதிகாரத்தைப் பிடித்தார். 1760ல் கூட்டாளி காண்டே ராவே அவருக்கு எதிராகத் திரும்பி, ராஜாவின் பெயரால் பீரங்கி வைத்தார். ஹைதர் மனைவி மக்களை விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவேரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார். மறு வருஷம் திரும்பி வந்து காண்டே ராவை வென்றது கத்தியால் அல்ல, கடிதத்தால். காண்டே ராவின் படைத் தலைவர்கள் காட்டிக்கொடுக்கச் சம்மதித்ததாகப் பொய்க் கடிதங்கள் தயாராகி, காண்டே ராவின் கையிலேயே விழும்படி அனுப்பப்பட்டன. அவர் பயந்து முகாமை விட்டு ஓடினார். எழுதத் தெரியாதவர் எழுத்தின் பலத்தை இவ்வளவு அறிந்திருந்தார்! காண்டே ராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்கள் கெஞ்சியபோது, கிளியைப் போல வளர்ப்பதாக ஹைதர் வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறாமல் இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, அவர் சாகும்வரை அதிலேயே வைத்திருந்தார்.

1763ல் பெத்னூர் கைக்கு வந்தது. 1766ல் ஸாமூதிரியின் பழைய பாக்கியைக் காரணம் காட்டி மலபாருக்குள் இறங்கினார். தம் கோட்டை முற்றுகையிடப்பட்டதும் ஸாமூதிரி அரண்மனைக்குத் தீ வைத்துக்கொண்டு மாண்டார். அந்த வருஷம் கட்டியதுதான் இன்று நாம் பார்க்கும் பாலக்காட்டுக் கோட்டை. மழைக்காலத்தில் நாயர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஹைதர் திரும்பி வந்து அடக்கிய விதம் கொடூரமானது. ஆயிரக்கணக்கானவர்களை ஊரை விட்டுப் பெயர்த்து மைசூருக்கு ஓட்டினார்கள். பெரும்பாலோர் வழியிலும் போன இடத்திலும் மாண்டார்கள். என் பாட்டி சொன்ன படையோட்டத்தில் எது 1766, எது பிற்காலத்தில் திப்பு வந்தது என்று பிரிக்க முடியாது. ஓடியவர்களுக்கு வருஷமா முக்கியம்? ஹைதரின் சாமர்த்தியத்தை மெச்சுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அதே மனிதர்தான், கணவரை இழந்து வந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சியில் எட்டு வருஷம் அடைக்கலம் கிடைக்கக் காரணமாயிருந்தார். 1780ல் ராணி ராஜ்யத்தை மீட்கப் படையும் கொடுத்தார். தங்கை அமீருன்னிஸா பேகத்தின் சமாதி இருப்பதால்தான் திண்டுக்கல்லில் ஒரு பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர்.

1768ல் கர்னல் உட் திண்டுக்கல்லையும் பாலக்காட்டையும் ஒரே வீச்சில் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 1769ல் குதிரைப் படையுடன் மூன்றரை நாளில் 130 மைல் ஓடிவந்து பரங்கிமலையில் நின்று, சென்னை கவர்னரைத் தாம் சொன்ன ஷரத்துகளுக்குக் கையெழுத்துப் போட வைத்தார். ஒருவரை எதிரி தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் முக்கியமானது. மராட்டியர்கள் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. 1779ல் மாஹியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்ததும் பொறுமை போயிற்று. 1780ல் செங்கம் கணவாய் வழியாகப் பெரும்படையுடன் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அடுத்த வருஷம் ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஸர் அயர் கூட் அவரைத் தோற்கடித்தார். கர்நாடகச் சீமை முழுவதும் பாழாகி, சென்னையில் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்தார்கள்.

கடைசிக் கட்டத்திலும் பாலக்காடு வருகிறது. 1782 அக்டோபரில் கர்னல் ஹம்பர்ஸ்டன் மலபார்க் கரையிலிருந்து பாலக்காட்டுக் கோட்டையைப் பிடிக்க வந்தார். முடியாமல் பொன்னானிக்குப் பின்வாங்கினார். அவரைத் துரத்த ஹைதர் தம் மகன் திப்புவை அனுப்பினார். ஹைதருக்கோ அப்போது முதுகில் ராஜப் பிளவை. டிசம்பர் 7ஆம் தேதி சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் காலமானார். பட்டத்துக்கு உரியவர் மலைக்கு அப்பால், முகாமில் பெரும் படை, எதிரில் இங்கிலீஷ்காரர்கள். விஷயம் வெளியில் தெரிந்தால் அன்றைக்கே எல்லாம் கலைந்துவிடும்.

அதைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர், திருச்சிப் பக்கத்தில் பிறந்த மாத்வ பிராமணர் பூர்ணையா. உடலைப் பரிமளத் திரவியங்களுடன் பெட்டியில் வைத்து, கஜானாப் பெட்டி போவது போல வழக்கமான காவலுடன் கோலாருக்கு அனுப்பினார்கள். வைத்தியர்கள் வழக்கம்போல் கூடாரத்துக்குப் போய்வந்தார்கள். திரை மூடிய பல்லக்கு படையுடன் நகர்ந்தது. இளைய மகனைப் பட்டத்தில் வைக்க ஒரு சதி கிளம்பியது. அதையும் சத்தமில்லாமல் அடக்கினார்கள். செய்தி சில நாட்களில் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் திப்புவை எட்டியது. அவர் முகாமுக்கு வந்து சேர்ந்தது 1783 ஜனவரித் தொடக்கத்தில். இங்கிலீஷ் தளபதிக்கு வதந்தி எட்டியும் அவர் அசையவில்லை. காண்டே ராவின் கூண்டை அறிந்த ஒரு தர்பாரில், பூர்ணையா இவ்வளவு விசுவாசமாக இருந்தது பயத்தினாலா, பற்றினாலா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. ஹைதர் தம்மிடம் வேலை செய்கிறவர்களின் மதத்தைப் பார்க்காமல் திறமையைப் பார்த்தார் என்பதும் அதில் ஒரு பங்கு.

1783ல் கர்னல் லாங் திண்டுக்கல்லையும், நவம்பரில் கர்னல் புல்லர்டன் ஆனைமலைக் காடுகளின் வழியாக மழையில் நடந்து வந்து பாலக்காட்டையும் பிடித்தார்கள். மறு வருஷம் மங்களூர் உடன்படிக்கையில் இரண்டும் திப்புவிடம் திரும்பின. 1790ல் கர்னல் ஸ்டூவர்ட் ஆகஸ்டில் திண்டுக்கல்லையும் செப்டம்பரில் பாலக்காட்டையும் எடுத்தார். 1792 உடன்படிக்கையில் இரண்டும் நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போயின. எல்லை நகர்ந்துவிட்டது, பாறைக்குக் காவல் காக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

இப்போது இரண்டு கோட்டைகளும் தொல்பொருள் இலாகாவின் பராமரிப்பில் உள்ளன. திண்டுக்கல்லுக்குப் போகும் அங்கத்தினர்கள் காலை வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது; பத்து மணிக்கு மேல் பாறை கால் வைக்க முடியாமல் சுடும். உச்சியில் உள்ள சிவன் கோயிலில் மூர்த்தி இல்லை. சுவாமியையும் அம்பாளையும் எப்போதோ கீழே ஊருக்குள் எழுந்தருளச் செய்துவிட்டார்கள். அபிராமியைத் தரிசிக்க விரும்புவோர் கடைத்தெருப் பக்கம் வர வேண்டும்.