சுவருக்கு வண்ணம் பூசியவர் ஈஸ்டைப் பிடித்த கதை

ஆண்டு மலரில் பீரைப் பற்றிக் கட்டுரையா என்று யாரும் முறைக்க வேண்டாம். நம்ம தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் கேஸ்தான். அதைச் சொல்லித்தர நான் வரவில்லை. சொல்ல வந்தது எமில் கிறிஸ்டியன் ஹன்சன் என்ற டென்மார்க்காரரைப் பற்றி. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர்.

1842 மே 8-இல் ரிபே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வறுமை. மகனும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அதே வேலைக்குத்தான் போனார். ஓவியனாக வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தானும் படித்து, முப்பதை நெருங்கும் வயதில்தான் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். நாம ஒரு அரியர் விழுந்தாலே எல்லாம் போச்சுன்னு உட்கார்ந்துடுறோம்! கதைகள் எழுதிப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார். 1876-இல் தங்கப் பதக்கம் வாங்கினார். எதற்குத் தெரியுமா? சாணத்தில் முளைக்கும் பூஞ்சைகளைப் பற்றி எழுதியதற்கு. சிரிக்காதீங்க, அந்தப் பூஞ்சை ஆராய்ச்சிதான் அவரைக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது. 1879-இல் அங்கே ஒரு பிரிவுக்கே தலைவரானார்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம்ம வீட்டில் தயிருக்கு உறை ஊற்ற நேற்றைய மோரை எடுத்து வைக்கிறோம் அல்லவா? பீர் ஆலையிலும் அதே கதைதான். முளைகட்டிய பார்லிச் சாற்றின் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் பெருகும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் சேறு மாதிரி படியும். அதை வழித்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, குளிர்ச்சியாக வைத்திருந்து அடுத்த தொட்டிக்குப் போடுவார்கள். கார்ல்ஸ்பெர்க் முதலாளி ஜேக்கப்சன் 1845-இல் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஈஸ்டைத் தொப்பிப் பெட்டியில் வைத்து, குதிரை வண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

ஆனால் உறை கெட்டால்? 1883-இல் அதுதான் நடந்தது. பீர் கசந்து நாற்றமடித்தது. பீர் கெடுவதற்குக் காரணம் பாக்டீரியா என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். ஹன்சன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. நல்ல ஈஸ்டோடு காட்டு ஈஸ்டும் கலந்திருந்தது! இரண்டும் ஒரே ஜாடை. சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு இது சட்டென்று புரியும். குளோரேட் மருந்தில் கொஞ்சம் கந்தகம் சேர்ந்துவிட்டால் பார்வைக்கு எதுவும் தெரியாது, ஒரு உரசல் போதும்.

ஹன்சன் என்ன செய்தார்? ஈஸ்ட் கலந்த நீரை மேலும் மேலும் நீர்க்கவைத்தார். ஒரு துளியில் ஒரே ஒரு செல் இருக்கும் அளவுக்கு. அதைக் குடுவையில் விட்டு அசையாமல் வைத்தார். குடுவையில் ஒரே ஒரு புள்ளி வளர்ந்தால் அது ஒரே தாயின் பிள்ளைகள். இரண்டு புள்ளி வந்தால் அந்தக் குடுவை வேண்டாம். எத்தனை பொறுமை வேண்டும், பாருங்கள்! பின்னால் ஜெலட்டின் மேல் வளர்த்து, ஒரு செல் பெருகுவதை மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்து உறுதி செய்தார்.

ஜேக்கப்சன் முதலில் நம்பவில்லை. ஆனாலும் 1883 நவம்பரில், ஒரே செல்லில் இருந்து வளர்த்த ஈஸ்டைப் போட்டு ஆலையிலேயே காய்ச்சினார்கள். பீர் சரியாக வந்தது. அடுத்து ஜேக்கப்சன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஹன்சனும் செய்முறையை எல்லோருக்கும் தெரிய வெளியிட்டார்.

சேமிப்பதற்கும் ஹன்சன் வழி கண்டார். நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை கலந்த நீரில் சுத்தமான ஈஸ்டைப் போட்டு மூடிவைத்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். உணவு வேறு இல்லாததால் அது பெருகாது, பட்டினியாகத் தூங்கும். தேவைப்படும்போது பார்லிச் சாற்றில் விட்டு எழுப்பிக்கொள்ளலாம்.

1908-இல் அந்த ஈஸ்டுக்குக் கார்ல்ஸ்பெர்க் பெயரையே வைத்தார், தன் பெயரை வைக்கவில்லை. அடுத்த வருடம், 1909 ஆகஸ்டில், ஹன்சன் இறந்தார். அவர் காலத்து பாட்டில் ஒன்று கார்ல்ஸ்பெர்க்கின் பழைய நிலவறையில் கிடைத்தது. உள்ளே சில செல்கள் இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றை வளர்த்து 2016-இல் மறுபடியும் பீர் காய்ச்சினார்கள்.