சூப் வந்தது... காந்தி எழுந்தார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிஞ்சு நண்பனோட ஹோட்டலுக்குப் போறீங்க. 'இது சைவமா?'ன்னு சர்வர்கிட்ட கேட்கவே சிலருக்குக் கூச்சமா இருக்கும். லண்டனில் சட்டம் படிச்ச காந்திக்கும் இதே பிரச்னைதான்.

1888-ல் கப்பல் ஏறும் முன், அசைவம் தொட மாட்டேன்னு அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். இப்படியே இருந்தா உடம்பு என்னாகும், நாலு பேரோட எப்படிப் பழகுவார்னு நெருங்கிய நண்பர் ஒருத்தருக்குக் கவலை. ஒருநாள் நாடகத்துக்குக் கூப்பிட்டு, அதற்கு முன் ஹால்போர்ன் என்ற பெரிய ரெஸ்டாரன்ட்டுக்கு அழைத்துப் போனார். அவ்வளவு பெரிய இடத்தில் காந்தி வாயைத் திறக்க மாட்டார் என்பது அவர் கணக்கு.

முதலில் வந்தது சூப். எதில் செய்ததோ? நண்பரிடம் கேட்கத் தயக்கம்; சர்வரைக் கூப்பிட்டார். நண்பருக்கு வந்ததே கோபம்! இங்கே நடந்துக்கத் தெரியலைன்னா வேற எங்கேயாவது சாப்பிட்டுட்டு வெளியே காத்திருன்னு சொல்லிட்டார். காந்திக்கோ அப்பாடான்னு இருந்தது. எழுந்து வந்தார். பக்கத்திலிருந்த சைவ ஹோட்டல் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினி.

காலி வயிற்றோடுதான் நண்பர்கூட நாடகம் பார்த்தார். நடந்ததைப் பற்றி இரண்டு பேருமே பேசலை. நட்பும் முறியலை. நண்பரைச் சமாதானப்படுத்த, சாப்பாடு தவிர மற்றதிலெல்லாம் 'ஜென்டில்மேன்' ஆகிறேன்னு கிளம்பினார் பாருங்க... 10 பவுண்டுக்கு சூட், டான்ஸ் கிளாஸ், 3 பவுண்டுக்கு வயலின்! சுமார் மூணு மாசத்தில் அந்த மோகம் தீர்ந்தது. வந்த விலைக்கு வயலினை வித்துடுங்கன்னு ஆசிரியையிடமே சொல்லிட்டார்.