குடியை வென்ற கூலித்தொழிலாளி: வணக்கத்துக்குரிய மாட் டால்பட்

நம் பங்கின் யூபிலி மலரைப் புரட்டுவோர், கோவிலுக்கு நிலம் அளித்த பெரியோர், கல்லும் மணலும் சுமந்த முன்னோர், இங்கே பணிபுரிந்து ஆண்டவரில் துயில் கொண்ட குருக்கள் ஆகியோரின் படங்களைக் காண்பர். அவர்களை நன்றியோடு நினைப்பது நம் கடமை. ஆயினும் கோவில் எதையும் கட்டாத, சபை எதையும் நிறுவாத, நம் நாட்டுப் பக்கமே வந்திராத ஒரு கூலித்தொழிலாளியின் வரலாற்றையும் இம்மலரில் சேர்க்க விரும்பினோம். அதற்குக் காரணம் உண்டு.

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்பது விழா எடுக்கும் ஆண்டு மட்டுமன்று. அடிமைப்பட்டோர் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு. நம் பங்கிலும் அடிமைகள் இருக்கின்றார்கள். வீடு சந்திக்கச் செல்லும்போது அடுப்பு எரியாத வீடுகளைக் காண்கிறோம். அடகுக்கடைக்குப் போய்த் திரும்பாத நகைகளைப் பற்றிக் கேட்கிறோம். தகப்பன் வரும் காலடி ஓசை கேட்டதும் மூலையில் ஒதுங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். கட்டியவன் யார் என்று கேட்டால், குடி என்ற ஒரே பதில்தான் வருகிறது. இந்த விலங்கை உடைத்து எழுந்தவர் மத்தேயு டால்பட். உலகம் அவரை மாட் டால்பட் என்றே அழைக்கிறது.

1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், சார்லஸ் டால்பட், எலிசபெத் என்னும் தம்பதியரின் பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாவதாக அவர் பிறந்தார். 1840களின் பெரும் பஞ்சம் விட்டுச் சென்ற வறுமை அந்நாட்டை இன்னும் வாட்டிய காலம். தந்தை துறைமுகத் தொழிலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். அடிக்கடி வீடு மாறிய அக்குடும்பத்தில் மாட் பள்ளிக்குச் சென்ற நாள்கள் மிகச் சில.

பன்னிரண்டாம் வயதில் வேலைக்குப் போனார். மது வகைகளைப் புட்டிகளில் அடைத்து விற்கும் நிறுவனம் அது. திரும்பி வரும் புட்டிகளின் அடியில் தங்கிய மிச்சத்தைக் குடித்துப் பழகினான் சிறுவன். தந்தை அடித்துத் திருத்தப் பார்த்தார். பின்னர்த் தம் கண்பார்வையில் இருக்கட்டும் என்று துறைமுகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே விஸ்கி கிடங்கில் பணி! தீயை அணைக்க எண்ணி எண்ணெய்க்குடத்தின் அருகே வைத்ததுபோல் ஆயிற்று.

பதினாறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வாரக் கூலி அப்படியே மதுக்கடைக்குப் போகும். கையில் காசு இல்லையெனில் காலணியையும் அடகு வைப்பார். ஒருமுறை, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலை அவரும் தோழர்களும் திருடி விற்றுக் குடித்தனர். இந்தப் பாவம் பின்னாளில் அவர் நெஞ்சை விடாது உறுத்தியது. மனந்திரும்பிய பிறகு அந்த ஏழையைத் தேடித் தேடி அலைந்தார், காண முடியவில்லை. அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். குடிகாரனின் உள்ளத்தில் மனச்சாட்சி செத்துவிடுவதில்லை; மயங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

1884ஆம் ஆண்டு, அவருக்கு 28 வயது. சில நாள்களாக வேலையில்லை, கையில் காசில்லை. சனிக்கிழமை, கூலி நாள். மதுக்கடை இருந்த தெருமுனையில் நின்றார். கையில் காசு இருந்த நாள்களில் அவர் எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்தவர். இன்று அவர்களில் ஒருவனாவது அழைப்பான் என்று எதிர்பார்த்தார். தோழர்கள் ஒவ்வொருவராய் வந்தனர்; பேருக்கு வணக்கம் சொல்லிக் கடந்து உள்ளே போயினர். ஒருவரும் அழைக்கவில்லை.

மாட் வீட்டுக்குத் திரும்பினார். வழக்கத்துக்கு மாறாகத் தெளிவோடு வந்த மகனைக் கண்டு தாய் வியந்தாள். மதுவைத் தொடுவதில்லையென வாக்குறுதி எடுக்கப் போவதாக மகன் சொன்னபோது, காக்க மனமில்லையெனில் எடுக்காதே என்று எச்சரித்து, கடவுள் துணையை வேண்டி ஆசி கூறி அனுப்பினாள். அவர் நேரே சென்றது கிளான்லிஃப் திருச்சிலுவைக் குருமடத்துக்கு. அங்கே ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதங்களுக்கு மட்டும் வாக்குறுதி எடுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திவ்விய நற்கருணை உட்கொண்டார்.

மூன்று மாதம் மட்டுமே! அக்குருவின் ஞானத்தை இங்கே கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் என்று சொல்லியிருந்தால் அந்தச் சுமையைக் கண்டே மாட் மலைத்திருப்பார். மூன்று மாதம் முடிந்ததும் அவர் வாக்குறுதியைப் புதுப்பித்தார். இறுதியில் வாழ்நாள் முழுமைக்கும் எடுத்தார். இறக்கும்வரை 41 ஆண்டுகள், ஒரு துளியும் தொடவில்லை.

அந்த முதல் மாதங்கள் எளிதாக இருந்தன என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருநாள் மாலை, கையில் காசோடு, கால்கள் அவரை மீண்டும் ஒரு மதுக்கடைக்குள் இழுத்துச் சென்றன. கடைக்காரர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாரே தவிர இவரைக் கவனிக்கவில்லை. மாட் சட்டென வெளியேறி, அருகிலிருந்த சேசுசபைக் கோவிலுக்குள் புகுந்து, கதவடைக்கும்வரை அங்கேயே இருந்தார். அன்றிலிருந்து வெளியே செல்லும்போது சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார். வேலை முடிந்த மாலைப் பொழுதுகளை, முன்பு மதுக்கடையில் கழித்த அதே பொழுதுகளை, கோவிலில் கழித்தார். காலி செய்த இடத்தை வெறுமையாய் விட்டால் பழைய பேய் ஏழு பேய்களோடு திரும்பும் என்ற நம் ஆண்டவரின் எச்சரிக்கையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கடைகளில் வைத்திருந்த கடன்களைச் சிறுகச் சிறுக அடைத்தார். பின்னாளில் புகையிலையையும் விட்டார். நாள்தோறும் விடியலில் எழுந்து திருப்பலி கண்டபின் வேலைக்குப் போவார். கடைசிவரை மரக்கிடங்கு ஒன்றில் கூலியாகவே உழைத்தார். படிப்பறிவு குறைந்த அவர், எழுத்துக் கூட்டிப் படித்து, புனித அகுஸ்தீனாரின் நூலையும் புனிதர் வரலாறுகளையும் மெல்ல மெல்ல வாசித்தார். புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். குருமடப் பேராசிரியர் மைக்கேல் ஹிக்கி என்னும் குரு அவருடைய ஞான வழிகாட்டியாக இருந்தார். பல்கலைக் கல்வி பெற்ற குருவும் மரக்கிடங்குக் கூலியும் நண்பராயினர். தந்தை இறந்தபின், முதிய தாயை 1915இல் அவள் கண்மூடும்வரை தம்மோடு வைத்துக் காத்தார். ஒரு காலத்தில் கூலியில் மிச்சமான சில்லறையை மட்டும் அத்தாயின் கையில் போட்ட மகன் இவர்!

தமக்கென மிகக் குறைவாகவே செலவிட்டு, எஞ்சியதை ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிக்கும் கொடுத்தார். 1923இல் இதயநோய் கண்டு மருத்துவமனையில் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டு இறுதியில், பதினெட்டு மாதங்களாக வேலையின்றி இருந்த நிலையிலும், சீன மறைபரப்புப் பணிக்குத் தம் பங்காக ஒரு பவுனும் தம் சகோதரியின் பங்காகப் பத்து ஷில்லிங்கும் அனுப்பிவைத்தார். விதவையின் காணிக்கையை நாம் வாசிக்கும்போதெல்லாம் இந்த ஒரு பவுனும் நம் நினைவுக்கு வருகிறது.

1925 ஜூன் 7, தம திரித்துவத் திருநாள். தொமினிக்கர் கோவிலுக்குத் திருப்பலிக்கு விரைந்த மாட், கிரான்பி சந்தில் விழுந்து உயிர் நீத்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது யார் எவர் என்று தெரியவில்லை. ஆடை களைந்தபோது உடலில் சங்கிலிகள் இருக்கக் கண்டனர். தேவ அன்னைக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்ததன் அடையாளமாக அவற்றை மறைவாக அணிந்திருந்தார். இதை வாசிக்கும் நம்மவர் எவரும் குருவின் ஆலோசனையின்றி இத்தகைய தவத்தைப் பின்பற்றலாகாது. நாம் பின்பற்ற வேண்டியது அவருடைய சங்கிலியை அன்று, விடுதலையை. ஜூன் 11, நற்கருணைப் பெருவிழாவன்று கிளாஸ்நெவின் கல்லறையில் அவரை அடக்கம் செய்தனர். 1972இல் அவருடைய திருப்பண்டங்கள் டப்ளினிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு மாற்றப்பட்டன. 1975 அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

மாட் டால்பட் தம் மன உறுதி ஒன்றினால் மட்டுமே எழுந்தார் என்று சிலர் நினைப்பர். அது தவறு. முடக்குவாதக்காரனை நால்வர் சுமந்து கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கியதுபோல், இவரையும் பலர் சுமந்தனர். கதவைத் திறந்த தாய், பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு, மாலை நேரத்தில் திறந்திருந்த கோவில், மூன்றாம் சபையின் உடன்பிறப்புகள், வழிகாட்டிய ஹிக்கி அடிகள். தெருமுனையில் ஒரு கூட்டம் அவரைக் கடந்து போயிற்று. திருச்சபையில் வேறொரு கூட்டம் அவரை ஏற்றுக்கொண்டது.

இதை எழுதும்போது நம் நெஞ்சு கனக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணிபுரிந்தபோது, இரவு நேரத்தில் ஒருவர் தள்ளாடியபடி அறைவீட்டுக் கதவைத் தட்டினார். குடியை விட வேண்டும், இப்போதே செபித்துக் கைவைத்து ஆசி தர வேண்டும் என்று அழுதார். போதை தெளிந்தபின் காலையில் வாரும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். அவர் வரவில்லை. நாமும் தேடிப் போகவில்லை. ஓராண்டு கழியுமுன் அவருடைய அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். அவருடைய பிள்ளைகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நம்மால் இயலவில்லை. தெருமுனையில் மாட் டால்பட்டைக் கடந்து போனவர்களுள் நாமும் ஒருவரன்றோ?

சேர்ந்து எழுவது எப்படி என்பதை மற்றோர் நமக்குக் காட்டியுள்ளனர். 1838இல் கப்புச்சின் குரு தியோபால்டு மேத்யு அயர்லாந்தில் மதுவிலக்கு வாக்குறுதி இயக்கத்தைத் தொடங்கினார். 1898இல் சேசுசபைக் குரு ஜேம்ஸ் கல்லன் நான்கு பெண்களோடு திருஇருதய மதுவிலக்குச் சங்கத்தை டப்ளினில் நிறுவினார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்றதிலிருந்து ஏ.ஏ. என்னும் தோழமை பிறந்தது. அது எந்தச் சபையையும் சேர்ந்ததன்று. ஆயினும் கடவுளின் துணையின்றித் தம்மால் இயலாது என்று ஒப்புக்கொள்வதே அதன் தொடக்கம். அதே நகரில் இக்னேசியா என்னும் கன்னியர் 1939 முதல் குடிநோயாளரை மருத்துவமனையில் சேர்த்துப் பராமரித்தார். 1940களில் மினியாபொலிஸ் நகரில் ஏ.ஏ. உறுப்பினரான சில கத்தோலிக்கர், திருப்பலியோடு கூடிய காலிக்ஸ் குழுவைத் தொடங்கி, மாட் டால்பட்டைத் தம் முன்மாதிரியாகக் கொண்டனர். காலிக்ஸ் என்றால் இலத்தீனில் பூசைப் பாத்திரம். நம் நாட்டில், 1981இல் பம்பாய் பாந்திராவில் ஒரு பங்குக் கோவிலின் நிழலில் கிருபா என்னும் மறுவாழ்வு நிறுவனம் தோன்றியது.

ஆகவே இந்த யூபிலியின் நினைவாக, சனிக்கிழமைதோறும் மாலையில் பங்கு மன்றத்தின் கதவைத் திறந்து வைக்க எண்ணியுள்ளோம். கூலி கைக்கு வரும் நாள் அது. மாட் டால்பட் எழுந்த நாளும் அதுவே. வருபவர் வட்டமாக அமர்ந்து தம் வாழ்வைச் சொல்வர். மற்றவர் குறுக்கிடாமல் கேட்பர். அங்கே கேட்டது வெளியே போகாது. வாக்குறுதி ஒரு நாளுக்கு, அல்லது ஒரு வாரத்துக்கு மட்டும். தவறியவர் மறுவாரமும் வரலாம். ஏன் விழுந்தாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். குடிப்பவரின் மனைவியரும் பெற்றோரும் தனியே கூடுவர். ஓர் எச்சரிக்கை: குடி ஒரு நோயும் ஆகும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரக்கூடும். எனவே முதலில் மருத்துவரைக் காண வேண்டும். செபம் மருந்தைத் தள்ளுவதில்லை.

அன்பார்ந்த பங்குமக்களே, இந்த அழைப்பு குடிப்பவருக்கு மட்டுமன்று. குடிக்காத நால்வர் நமக்குத் தேவை. ஒருவர் வட்டத்தில் உட்கார, ஒருவர் வீடு தேடிப் போக, ஒருவர் மருத்துவமனைக்குத் துணை செல்ல, ஒருவர் காப்பி போட. நம் கோவில் கோபுரத்துக்கு இவ்வாண்டு புதிய வண்ணம் பூசியுள்ளோம். அதைவிட, நம் பங்கில் ஒரே ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தகப்பனின் காலடி ஓசை கேட்டு வாசலுக்கு ஓடி வருமானால், நம் யூபிலி நிறைவு பெற்றது என்போம்.

மறுபடி ஒருவர் நள்ளிரவில் அறைவீட்டுக் கதவைத் தட்டினால், கதவு திறக்கும்.