சிட்டுக்கு விருந்து வைத்த அம்மையார்

எடை மூன்று கிராம். நீளம் 9 செண்டிமீட்டர். சிறகை நொடிக்கு 50 தடவை அடிக்கும். அப்போது வண்டு பறப்பதுபோல் ஓசை கேட்கும். அதனால் அதற்கு ரீங்காரச் சிட்டு என்று பெயர். ஹம்மிங் பறவை என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறு எங்கும் அது இல்லை.

அதில் ஒரு வகையின் ஆண் சிட்டுக்குக் கழுத்து மாணிக்கம்போல் மின்னும். குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழிக்கும். வசந்தம் வந்ததும் வடக்கே கிளம்பிவிடும். வழியில் மெக்சிகோ வளைகுடா குறுக்கிடும். சுமார் 800 கிலோமீட்டர் கடல்! உட்கார ஒரு கிளை கிடையாது. அதையும் தாண்டி வரும்.

இந்தச் சிட்டுக்கு வீட்டு முற்றத்தில் விருந்து வைத்துப் புகழ் பெற்றவர் அல்தியா ஷெர்மன் அம்மையார்.

ஓவியக் கனவு

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 1853-ம் ஆண்டு அல்தியா பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போவது அரிதாக இருந்த காலம் அது. அவரோ ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆசிரியை ஆனார். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்றார். ஓவியத்தையே வாழ்க்கையாகக் கொள்ள எண்ணினார்.

1895-ல் அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஊரில் பெற்றோர் முதுமையிலும் நோயிலும் வாடினார்கள். அவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும். அல்தியா நேஷனல் என்ற சிற்றூருக்குத் திரும்பினார்.

சில ஆண்டுகளில் பெற்றோர் காலமானார்கள். அல்தியா நகரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மருத்துவரான தம் சகோதரியோடு அங்கேயே தங்கிவிட்டார். வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அந்த வேலைகளுக்கு நடுவே முற்றத்துக்கு வரும் பறவைகளைக் கவனித்தார். கண்டதை எல்லாம் நாள்தோறும் எழுதி வைத்தார்.

துணிப் பூ

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கரோலின் சோல் என்ற அம்மையார், செயற்கைப் பூவுக்குள் இனிப்பு நீர் வைத்து ரீங்காரச் சிட்டை வரவழைத்திருந்தார். அந்தச் செய்தி 1900-ல் ஒரு பறவை இதழில் வெளிவந்தது. அல்தியா அதைப் படித்தார். தாமும் செய்து பார்க்க விரும்பினார்.

1907-ம் ஆண்டு கோடையில் சோதனை தொடங்கியது. துணியில் ஒரு பூ செய்தார். ஓவியம் பழகிய கை அல்லவா? உண்மைப் பூப்போலவே வர்ணம் தீட்டினார். அதனுள் ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவை வைத்துச் சர்க்கரைப் பாகை ஊற்றினார். பூச்செடிகளுக்கு நடுவே அதை நட்டு வைத்துக் காத்திருந்தார்.

சிட்டு வந்தது. குடித்தது. மறுபடியும் வந்தது!

வேறொருவராக இருந்தால் அதோடு மகிழ்ந்து நின்றிருப்பார். அல்தியாவுக்கோ ஒரு சந்தேகம் எழுந்தது. சிட்டைக் கூப்பிட்டது பூவின் அழகா, பாகின் இனிப்பா?

வெறும் சீசாவையும் வைத்துப் பார்த்தார். பூவும் இல்லை, வர்ணமும் இல்லை. சிட்டுகள் அதையும் தேடி வந்து குடித்தன! இனிப்பு இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டால் போதும், அலங்காரம் தேவையில்லை என்பது விளங்கியது. இந்தச் சிட்டுகளுக்கு இடத்தை நினைவில் வைக்கும் ஆற்றல் மிகுதி என்று பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன.

ஒரு கோடையோடு அவர் முடிவு கட்டிவிடவில்லை. ஏழு கோடைகள் சோதித்தார். அதன் பிறகே, 1913-ல், கட்டுரை வெளியிட்டார்.

முற்றமே கல்லூரி

அதற்குள் பறவை அறிஞர்கள் அவரை மதிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1912-ல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் அவரை உறுப்பினர் வரிசைக்கு உயர்த்தியது. அந்த வரிசையில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1915-ல் முற்றத்தில் 28 அடி உயர மரக் கோபுரம் ஒன்று கட்டினார். புகைபோக்கிக்குள் கூடு கட்டும் உழவாரன் குருவிகளுக்காகவே அந்தக் கோபுரம். குருவிகளின் குடும்ப வாழ்க்கையை உள்ளிருந்தபடியே பார்த்துக் குறித்தார்.

குறிப்புகளை எல்லாம் தொகுத்துப் புத்தகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது நிறைவேறும் முன்பே முதுமை வந்துவிட்டது. 1943-ல், 89-ம் வயதில் காலமானார். அவர் எழுதியவை 1952-ல் நூலாக வெளிவந்தன. அயோவா வீட்டு முற்றத்துப் பறவைகள் என்பது அந்நூல் பெயரின் பொருள்.

இன்று அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் வசந்தம் வந்ததும் சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுகிறார்கள். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். சாயம் கூடாது, தேனும் கூடாது. சில நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும். வெயில் கடுமையானால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

பெற்றோருக்காகக் கனவை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர் அல்தியா. ஊரில் அவருக்குக் கிடைத்தது ஒரு முற்றமும் சில சீசாக்களும்தான். அறிஞர்கள் மதிக்கும் அறிவை அவற்றைக் கொண்டே தேடிக்கொண்டார்.